தீர்ந்த எரிபொருளும் தீராத பொறுப்பும்

(அமெரிக்காவாழ் தமிழ்ப் பெற்றோர்களும் இளைஞர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அணு உலையில் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருளை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பாதுகாப்பாக எடுத்துச் செல்வது எப்படி, வழியில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டியவர் யார் என்னும் இரு வினாக்களைப் பற்றி இன்று பேச வந்துள்ளேன். நான் அணு விஞ்ஞானி அல்லன். பொறியியல் பட்டம் பெற்றுக் கணினித் துறையில் பணியாற்றுபவன். எனினும் எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடும் முன், தொழில்நுட்பப் பகுதியைவிட, "பழுது ஏற்பட்டால் இழப்பு யாருடையது, எவ்வளவு வரை" என்ற பகுதியைத்தான் இரு தரப்பு வழக்கறிஞர்களும் வரிக்கு வரி வாதிட்டு எழுதுவார்கள். அணுசக்தியைப் பற்றித் தமிழில் நடக்கும் விவாதங்களில் இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் இடம் பெறுவதில்லை.

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாவா என்ற வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. இந்த அவையில் இரு கருத்தினரும் இருக்கிறீர்கள். வேண்டும் என்பவரும் வேண்டா என்பவரும் ஒருங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதையே எடுத்துரைக்க விரும்புகிறேன். கூடங்குளத்தில் சேர்ந்துவரும் எரிபொருள் அங்கேயே இருக்கப் போகிறதா, கடல் வழியாக வெளியேறப் போகிறதா என்பது இன்னும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. 2025 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் அணுசக்தி பற்றிய சட்டங்களை முற்றிலும் மாற்றி எழுதியுள்ளது. ஆகவே இதனைப் பேசும் காலம் இதுவே.

தீர்ந்த எரிபொருள் என்பது யாது?

திரைப்படங்களில் காட்டப்படுவது போல அது பச்சை நிறத்தில் ஒளிரும் திரவம் அன்று. யுரேனியம் ஆக்சைடைச் சுட்டுச் செய்த, விரல் நுனியளவே உள்ள கட்டிகள் சிர்கோனியம் கலவையால் ஆன நீண்ட குழாய்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கும். இத்தகைய குழாய்கள் பலவற்றைக் கட்டாகச் சேர்த்தது ஓர் எரிபொருள் தொகுதி. கூடங்குளத்தில் உள்ள ரஷ்ய வகை உலை ஒவ்வொன்றிலும் 163 தொகுதிகள் உள்ளன. எரிபொருள் மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியே எடுக்கப்படும்.

உலைக்குள் செல்லும்போது இத்தொகுதியைக் கையுறை அணிந்த மனிதர் அருகில் நின்று சோதிக்கலாம். வெளியே வரும்போது நிலைமை வேறு. உலையிலிருந்து எடுத்துப் பத்து ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு தொகுதியின் மேற்பரப்பில் கதிர்வீச்சு மணிக்கு 10,000 ரெம் அளவைத் தாண்டும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கூறுகிறது. ஒரே முறையில் உடல் முழுதும் ஏறத்தாழ 500 ரெம் பெற்றால் மனிதர் உயிர் பிழைப்பது அரிது. அப்படியானால் கவசமில்லாத தொகுதியின் அருகே சில நிமிடங்கள் நிற்பதே போதும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதனால்தான் முதற்சில ஆண்டுகள் அது ஆழமான நீர்த்தொட்டியில் வைக்கப்படுகிறது. நீர் அதனைக் குளிர்விக்கிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. வெப்பம் தணிந்த பிறகே உலர்ந்த கொள்கலனுக்கு மாற்ற இயலும்.

அதிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகின்றன. புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் ஆகின்றன. முன்னது ஒரு தலைமுறையின் கவலை. பின்னது நாம் பேசும் மொழிகளின் வயதையெல்லாம் கடந்து நிற்பது.

கொள்கலன் எவ்வாறு சோதிக்கப்படுகிறது?

இத்தகைய பொருளைச் சாலையிலும் இருப்புப் பாதையிலும் எடுத்துச் செல்லும் கொள்கலன், எஃகு, ஈயம் முதலிய அடுக்குகளால் ஆன தடித்த உருளை. லாரியில் ஏற்றும் கொள்கலன் ஏறத்தாழ 25 டன் எடையுள்ளது. ரயிலில் ஏற்றுவது 150 டன் வரை இருக்கும். அதனுள்ளே இருக்கும் எரிபொருளின் எடையோ அதில் சிறு பங்குதான். மீதி முழுவதும் கவசம்.

சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளை ஒட்டி, பெரும்பாலான நாடுகளில் ஒரே வகைச் சோதனைகளே நடைமுறையில் உள்ளன. முதலில் கொள்கலனை 9 மீட்டர் உயரத்திலிருந்து சிறிதும் நெகிழாத தளத்தின் மீது, மிகவும் பாதிக்கக்கூடிய கோணத்தில் விழச் செய்ய வேண்டும். அடுத்து, 1 மீட்டர் உயரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டின் மீது விழச் செய்ய வேண்டும். பின்னர் அதே கொள்கலனை 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் 30 நிமிடங்கள் வைக்க வேண்டும். நீரில் மூழ்கும் சோதனைகளும் உண்டு.

9 மீட்டர் என்பது மூன்று மாடி உயரம்தானே, தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர்தானே, நெடுஞ்சாலையில் அதைவிட விரைந்து செல்கிறோமே என்று இங்குள்ள இளைஞர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கான விடை "நெகிழாத தளம்" என்ற சொற்களில் இருக்கிறது. மண்ணின் மீதோ மற்றொரு வண்டியின் மீதோ மோதினால் அந்தப் பொருளும் நசுங்கி, மோதலின் ஆற்றலில் பெரும்பங்கை வாங்கிக் கொள்ளும். நெகிழாத தளத்தில் மோதும்போது முழு ஆற்றலையும் கொள்கலனே தாங்க வேண்டும். ஆகவே சோதனைத் தளத்தில் 48 கிலோமீட்டர் என்பது சாலையில் அதனினும் மிக அதிகமான வேகத்துக்கு ஈடாகும்.

இதனை மெய்ப்பிக்க நடத்திய சோதனைகளும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டியா ஆய்வகம், கொள்கலன் ஏற்றிய லாரிகளைக் கான்கிரீட் சுவரில் மோதச் செய்தது. விரைந்து வரும் ரயில் எஞ்சினைக் கொள்கலன் மீது மோதவிட்டது. 1984 ஜூலையில் பிரிட்டனில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்றைக் கொள்கலன் மீது மோதவிட்டார்கள். எஞ்சின் சிதைந்தது. கொள்கலனின் உள் அழுத்தத்தில் மிகச் சிறிய மாறுதலே காணப்பட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விதிகளின்படி ஒவ்வொரு புதிய வடிவத்தையும் முழு அளவில் செய்து உடைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிறிய மாதிரிகளைக் கொண்டோ கணினிக் கணக்கீடுகளைக் கொண்டோ தகுதியை நிறுவலாம். கணக்கீடுகளைக் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன் நான். என் பிழைப்பே அதுதான். ஆயினும் கணக்கீட்டுக்குக் கொடுக்கும் எடுகோள்கள் எவை என்பது பொதுவெளியில் இருந்தால்தான் அதன் விடையை மற்றவர் சரிபார்க்க முடியும்.

உண்மையில் நடந்தவை

1971 டிசம்பரில் டென்னசி மாநிலத்தில், தீர்ந்த எரிபொருளைச் சுமந்து சென்ற லாரி ஒன்று எதிரே வந்த வண்டியின் மீது மோதாமலிருக்க விலகியபோது சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. கொள்கலன் வண்டியிலிருந்து பிய்ந்து பள்ளத்தில் வீழ்ந்தது. கதிரியக்கம் எதுவும் கசியவில்லை. ஓட்டுநர் உயிரிழந்தார்.

2001 ஜூலையில் பால்டிமோர் நகரின் அடியில் செல்லும் சுரங்கப் பாதையில் சரக்கு ரயில் தடம் புரண்டு, வேதிப்பொருள் தீப்பற்றி, நாட்கணக்கில் எரிந்தது. அந்த ரயிலில் அணு எரிபொருள் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் ஆராய்ந்தது. எரிபொருள் குழாய்கள் சிதைந்திரா என்றும், ஆனால் சில வகைக் கொள்கலன்களின் மூடி அடைப்பு வளையங்கள் தம் வெப்ப வரம்பைத் தாண்டியிருக்கும் என்றும் அந்த ஆய்வு கண்டது. நகரங்களின் அடியிலுள்ள சுரங்கங்களில் தீ 30 நிமிடங்களில் அடங்கிவிடும் என்று யாரும் உறுதி கூற இயலாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மூன்றாவது நிகழ்வு ஐரோப்பாவில் நடந்தது. ஜெர்மனியிலிருந்து பிரான்சின் மறுசுழற்சி ஆலைக்குச் சென்ற கொள்கலன்களின் வெளிப்புறத்திலும் ரயில் பெட்டிகளிலும் அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாகக் கதிரியக்கத் துகள்கள் படிந்திருந்தன என்பது 1998இல் வெளிவந்தது. யாரும் நோயுற்றதாகத் தெரியவில்லை. ஆனால் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதனை அறிந்திருந்தும் அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்பதும் உடன் வெளிவந்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஏஞ்சலா மெர்க்கல் இத்தகைய போக்குவரத்தையே நிறுத்தி வைத்தார். ஓர் எஃகுக் கலன் கூட உடையவில்லை. ஆயினும் மக்களின் நம்பிக்கை உடைந்தது.

இந்த மூன்று நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, கொள்கலன் நல்ல பொறியியல் படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனைச் செய்பவரும் நிரப்புபவரும் ஓட்டுபவரும் கண்காணிப்பவரும் தத்தம் கடமையைச் செய்கிறார்களா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. இங்கேதான் இழப்பீட்டுச் சட்டம் வருகிறது. தவறினால் தன் பணம் போகும் என்று அறிந்தவர் கூடுதல் கவனத்துடன் இருப்பார். ஆகவே பொறுப்புச் சட்டத்தையும் ஒரு பாதுகாப்புக் கருவியாகவே நான் கருதுகிறேன்.

இழப்பீட்டுச் சட்டங்களின் அடிப்படை

1960ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையும் 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் வகுத்த நெறிகளே பெரும்பாலான நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படை. பாதிக்கப்பட்டவர் எவருடைய தவற்றையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பாதிப்பை மட்டும் காட்டினால் போதும். பொறுப்பு முழுவதும் உலையை இயக்கும் நிறுவனத்தின் மீது மட்டுமே சாரும். அந்நிறுவனம் காப்பீடு வைத்திருக்க வேண்டும். இவை மக்களுக்கு நன்மை தருபவை. பத்து நிறுவனங்களை நீதிமன்றம் நீதிமன்றமாகத் துரத்த வேண்டியதில்லை அல்லவா?

இதற்கு ஈடாகத் தொழில்துறை பெற்றுக் கொண்டவை இரண்டு. பல நாடுகளில் தொகைக்கும் காலத்துக்கும் உச்ச வரம்பு வைக்கப்பட்டது. உலையையும் பாகங்களையும் செய்து கொடுத்தவர்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். எரிபொருள் வழியில் இருக்கும்போது, பெறுபவர் பொறுப்பேற்கும் வரை அனுப்பியவரே பொறுப்பாளர் என்பது பொது விதி.

நாம் வாழும் அமெரிக்காவில் இச்சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பிரைஸ்-ஆண்டர்சன் சட்டம் என்று அதற்குப் பெயர். 2024இல் அது 2065 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மின் உலை வளாகத்துக்கும் 50 கோடி டாலர் தனியார் காப்பீடு கட்டாயம். அதற்கு மேல் இழப்பு ஏற்பட்டால் நாட்டிலுள்ள மின் உலைகள் அனைத்தும் பங்கிட்டுப் பணம் செலுத்த வேண்டும். மொத்தம் 1,600 கோடி டாலருக்கு மேல் திரளும். உலையில் நேரும் விபத்துக்கு மட்டுமன்றி, உலையிலிருந்து எரிபொருளை எடுத்துச் செல்லும் வழியில் நேரும் விபத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 1979இல் திரீ மைல் ஐலண்ட் விபத்துக்குப் பின் ஏறத்தாழ 7.1 கோடி டாலர் இழப்பீடாகவும் வழக்குச் செலவாகவும் இச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அந்த உலையின் உருகிய எரிபொருள் 1986 முதல் 1990 வரை ரயில் மூலம் ஐடஹோ மாநிலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டபோதும், வழியிலிருந்த ஊர்கள் கேள்வி கேட்டன.

அமெரிக்கச் சட்டத்திலும் குறையுண்டு. இங்கும் வரம்பு உண்டு. பாகங்களைச் செய்தவர் இங்கும் தம் பையிலிருந்து கொடுப்பதில்லை. மேலும், தீர்ந்த எரிபொருளை 1998 ஜனவரி 31 முதல் தானே எடுத்துச் செல்வதாக வாக்களித்த அரசு இன்றுவரை அதனைச் செய்யவில்லை. நெவாடா மாநிலத்தின் யூக்கா மலையில் புதைக்கும் திட்டம் நின்று போனது. ஏறத்தாழ 90,000 டன் எரிபொருள் உலைகள் இருக்கும், இருந்த இடங்களிலேயே கிடக்கிறது. வாக்குத் தவறியதற்காக மின் நிறுவனங்களுக்கு அரசு 1,000 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்துள்ளது. அது நாம் செலுத்தும் வரிப்பணம்.

ஜப்பானில் வரம்பே இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி இயக்குநரின் பொறுப்பு எல்லையற்றது. ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டிய தொகை ஓர் உலை வளாகத்துக்கு 12,000 கோடி யென் மட்டுமே. 2011 மார்ச் மாதம் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினர். இழப்பீடாக மட்டும் இதுவரை 10 லட்சம் கோடி யென்னுக்கு மேல் கொடுக்கப்பட்டுள்ளது. ஏற்பாடு செய்து வைத்த தொகையைப் போல எண்பது மடங்குக்கும் மேல்! அரசு பணம் கொடுத்துத் தாங்கியிராவிட்டால் அந்நிறுவனம் திவாலாகியிருக்கும். உலைகளை வழங்கிய நிறுவனங்கள் மீது மக்கள் தொடர்ந்த வழக்கை டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2016இல் தள்ளுபடி செய்தது. பொறுப்பு இயக்குநருக்கே என்ற விதியே அதற்குக் காரணம்.

போபாலிலிருந்து இன்றைய சட்டம் வரை

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததை இங்குள்ள பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1989இல் 47 கோடி டாலருக்கு அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது. உயிரிழந்தோர், ஊனமுற்றோர் எண்ணிக்கையால் அதனை வகுத்துப் பார்த்தால் கிடைக்கும் விடையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 2010 ஜூனில் போபால் குற்ற வழக்கின் தீர்ப்பு வந்து நாடே கொதித்திருந்த வேளையில்தான், அணு விபத்து இழப்பீட்டு மசோதா நாடாளுமன்றத்தின் முன் இருந்தது. அதனால் உலகில் பிற நாடுகளில் காண அரிதான ஒரு பிரிவு அதில் சேர்ந்தது. பழுதான பாகத்தாலோ தரக்குறைவான சேவையாலோ விபத்து நேர்ந்திருந்தால், மக்களுக்கு இழப்பீடு கொடுத்த இயக்குநர், பின்னர் அத்தொகையை வழங்குநரிடமிருந்து மீட்டுக் கொள்ளலாம் என்பதே அப்பிரிவு.

இப்பிரிவால் மக்களுக்குக் கிடைக்கும் தொகை கூடவோ குறையவோ செய்யாது. பழுதான பொருளை விற்றவர் தப்பிவிட முடியாது என்பதே அதன் பயன். அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் இதனை ஏற்கவில்லை. ஆந்திரத்தின் கோவ்வாடாவிலும் மகாராஷ்டிரத்தின் ஜைதாபூரிலும் திட்டங்கள் தேங்கின. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்ற புதிய சட்டம், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவதற்கென இயற்றப்பட்டது. தனியார் நிறுவனங்களும் உலை இயக்க அது வழிவகுக்கிறது. பழுதான பாகத்துக்காக வழங்குநரிடம் மீட்கும் அந்தப் பிரிவு அதில் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே தீங்கு செய்திருந்தாலோதான் மீட்க முடியும். இச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் "சாந்தி" என்று வருகிறது!

அரசுத் தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலக நாடுகளின் வழக்கத்தோடு ஒத்துப் போனால்தான் முதலீடு வரும். மின்சாரத் தேவை பெருகுகிறது. நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். இவை புறந்தள்ளக்கூடிய வாதங்கள் அல்ல. ஆனால் வழங்குநரை விடுவிப்பதில் உலக வழக்கத்தைப் பின்பற்றுவோர், இழப்பீட்டுத் தொகையிலும் உலக வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாவா?

தொகைகளைப் பாருங்கள். புதிய சட்டத்தில் இயக்குநரின் பொறுப்பு, உலையின் அளவுக்கேற்ப 100 கோடி ரூபாய் முதல் 3,000 கோடி ரூபாய் வரை. அதற்கு மேல் மத்திய அரசு 30 கோடி சிறப்பு எடுப்புரிமை அலகுகள் வரை கொடுக்கும். அது ஏறத்தாழ 40 கோடி டாலர். அணுப் பொருட்களை எடுத்துச் செல்லும்போது நேரும் விபத்துக்கு இயக்குநரின் வரம்பு எவ்வளவு தெரியுமா? 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 கோடி ரூபாய். பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த சட்டத்திலும் அதே 100 கோடி ரூபாய்தான். இடையில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதைக்கூட யாரும் கணக்கில் எடுத்துக் கொள்ளவில்லை.

நாம் வாழும் ஊர் வழியாக ஒரு கொள்கலன் சென்று விபத்து நேர்ந்தால் நமக்குப் பின்னால் நிற்பது 1,600 கோடி டாலர். இந்தியப் பணத்தில் 1,30,000 கோடி ரூபாய்க்கு மேல். நம் பெற்றோர் வாழும் ஊர் வழியாக அதே போன்ற கொள்கலன் சென்றால் இயக்குநர் பொறுப்பேற்பது 100 கோடி ரூபாய். அமெரிக்காவில் ஏறத்தாழ 95 உலைகள் பங்கிட்டுக் கொள்கின்றன. இந்தியாவில் உலைகள் குறைவு என்பது உண்மைதான். அந்த வேறுபாட்டை எவ்வளவு விட்டுக் கொடுத்துப் பார்த்தாலும் ஆயிரம் மடங்கு இடைவெளி அதனால் விளங்கவில்லை. யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது இது.

கூடங்குளத்தின் எரிபொருள் எங்கே போகும்?

1988இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தப்படி, கூடங்குளத்தின் தீர்ந்த எரிபொருள் அந்நாட்டுக்கே திரும்ப வேண்டும். 1998இல் செய்த துணை ஒப்பந்தம் இதனை மாற்றி, எரிபொருளை இந்தியாவே வைத்துக் கொள்ளும் என்றது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க இசைவளித்தபோது, உலைக்கு வெளியே தனிச் சேமிப்பகம் அமைக்குமாறு கூறிக் காலக்கெடு விதித்தது. 2018இல் அந்தக் கெடு 2022 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. சேமிப்பகம் குறித்து 2019 ஜூலையில் நடைபெறுவதாக இருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் அன்றைய தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அங்கேயே வைத்தால் வழிப்பயண ஆபத்து இல்லை. ஆனால் மீனவர் குடியிருப்புகள் நெருங்கிய, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிய கடற்கரையில் பல்லாண்டுகள் அது இருக்க வேண்டும். அனுப்பினால், கடல் வழியே அனுப்ப வேண்டும். தீர்ந்த எரிபொருளை ஏற்றும் கப்பல்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதித்தொகுப்பு 2001 முதல் கட்டாயம். ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்கு இரட்டை அடித்தளம் கொண்ட தனிக் கப்பல்களில் பல ஆண்டுகள் இத்தகைய பயணம் நடந்துள்ளது. ஆகவே இது இயலாத செயல் அன்று.

ஆனால் கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட சிறு தொலைவை எண்ணிப் பாருங்கள். 2023 செப்டம்பரில், புதிய உலைகளுக்கான நீராவி ஆக்கிகளை ஏற்றித் தூத்துக்குடியிலிருந்து வந்த மிதவை ஒன்று, இழுவைக் கயிறு அறுந்து, கூடங்குளத்துக்கு அருகே பாறையில் சிக்கியது. அதில் கதிரியக்கப் பொருள் இல்லை. தீர்ந்த எரிபொருள் இருந்திருந்தால், கொள்கலன் உடையாமலே இருந்தாலும், அந்தச் செய்தி பரவிய மறுநாள் இடிந்தகரை மீனவரின் மீனை யார் வாங்கியிருப்பார்கள்? வாங்காத மீனுக்கு இழப்பீடு உண்டா? மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள நம் இலங்கைத் தமிழ் உறவுகளுக்கும் இதே கேள்விதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியா 2016இல் துணை இழப்பீட்டு உடன்படிக்கையில் இணைந்தது. ரஷ்யா வியன்னா உடன்படிக்கையில் உள்ளது. இரு நாடுகளும் ஒரே உடன்படிக்கையில் இல்லை. எந்தக் கடலில், எந்த நேரத்தில் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுகிறது என்பதைத் தனி ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். விபத்துக்குப் பிறகு எழுத முடியாது.

நாம் செய்யக் கூடியவை

2005 முதல் 2008 வரை இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்துக்காக இங்குள்ள இந்திய வம்சாவளி அமைப்புகள் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் முனைந்து பேசின. அந்த ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருந்தது எனில், அதன் வழியே வரும் உலைகளின் அருகில் வாழ்பவர்களுக்கு உரிய இழப்பீடு வேண்டும் என்று கேட்கவும் நமக்குக் கடமை உண்டு.

முதலாவதாக, போக்குவரத்துக்கான 100 கோடி ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கையைத் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும், கட்சி வேறுபாடு பாராது, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவோம். இது அணுமின்சாரத்துக்கு எதிரான கோரிக்கை அன்று. ஆதரிப்பவரும் இதில் கையெழுத்திடலாம்.

இரண்டாவதாக, கொள்கலனின் வடிவம், அது தேறிய சோதனைகள், விபத்து நேர்ந்தால் தீயணைப்புத் துறையும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை ஆகியவற்றை, பாதுகாப்புக்குக் கேடின்றி வெளியிடக் கூடிய அளவுக்கு வெளியிடுமாறு கேட்போம். பயண நாளையும் வழியையும் மறைப்பதற்குக் காரணம் உண்டு. சோதனை முடிவுகளை மறைப்பதற்குக் காரணம் இல்லை.

மூன்றாவது, இளைஞர்களுக்கு உரியது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் முன்னறிவிப்பும், அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். சுருக்கம்தான் தமிழில் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்து, அட்டவணைகளைச் சரிபார்த்து, உள்ளூர் மக்கள் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளை நல்ல தமிழில் எழுதித் தரும் ஆற்றல் இந்த அவையில் இருக்கும் பொறியியல், மருத்துவ, சட்ட மாணவர்களுக்கு உண்டு. அதற்கு ஆங்கிலமும் அறிவியலும் மட்டும் போதா, தமிழும் வேண்டும். வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் கூறும் விடைகளுள் இதுவும் ஒன்று.

நான்காவதாக, உரிய நேரத்தில் பேச வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் தீர்ந்த எரிபொருளைச் சேமிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு அளிக்கப்பட்ட உரிமத்தை எதிர்த்து அம்மாநில அரசே வழக்குத் தொடுத்தது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. உரிம விசாரணையின்போது டெக்சாஸ் கருத்துக் கடிதம் அனுப்பியதே அன்றி, முறைப்படி ஒரு தரப்பாகச் சேரவில்லை என்பதே காரணம். ஒரு மாநில அரசுக்கே இந்நிலை எனில், குடிமக்களான நாம் நம் வட்டாரத்தில் வெளியாகும் அறிவிப்புகளை எவ்வளவு கவனத்துடன் படிக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊருக்கு அருகில் அணு உலையோ மூடப்பட்ட உலையின் சேமிப்பகமோ உள்ளதா என்பதை இன்றிரவே வீட்டில் பிள்ளைகளுடன் அமர்ந்து தேடிப் பாருங்கள்.

தீர்ந்த எரிபொருளை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்வதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை. அது ஏற்கனவே உண்டாகிவிட்டது. அதற்குரிய பணத்தையும் பொறுப்பையும் உடன் வைத்துவிட்டுச் செல்கிறோமா என்பது மட்டும் நம் கையில் உள்ளது. கூடங்குளத்திலிருந்து முதல் கொள்கலன் புறப்படுவதற்கு முன்பு அந்த 100 கோடி ரூபாய் வரம்பு மாற வேண்டும். அதற்கான கடிதத்தின் வரைவு அரங்கின் வாயிலில் வைக்கப்பட்டுள்ளது. படித்துப் பார்த்து, உடன்படுவோர் கையொப்பமிட்டுச் செல்லுமாறும், உடன்படாதோர் காரணத்தை எழுதிச் செல்லுமாறும் அன்புடன் வேண்டுகிறேன்.